நீறு பூத்த நெருப்பு

குழந்தையின் கரப்பான் எவ்வளவு கடுமையானது? தோல் மறைப்பதை ரத்தம் சொல்லுமா?

இரவு இரண்டு மணிக்கு மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும். ஓலைப்பாயை எலி பிறாண்டுவது போல, விட்டு விட்டு. எக்சிமா உள்ள குழந்தை வளரும் வீட்டில் அது என்ன சத்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை தூக்கம் கலையாமலே முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டிருக்கும். அம்மா எழுந்து அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடி தளர்ந்ததும் மறுபடி தொடங்கும். விடிந்து பார்த்தால் தலையணை உறையில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

பத்து மணிக்கு மருத்துவரிடம் போவார்கள். குளித்து, எண்ணெய் தடவி, நல்ல சட்டை போட்டு வந்திருக்கும் குழந்தை, மேசைமேல் கிடக்கும் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரிக்கும். "ராத்திரி பூரா சொறியறான் டாக்டர்" என்பாள் அம்மா. மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். "போன தடவைக்கு இப்ப பரவாயில்லையேம்மா" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவள் பார்த்தது இரவை, அவர் பார்ப்பது காலை பத்து மணியை.

இந்த வழக்கைத் தீர்த்துவைக்க மூன்றாவதாக ஒரு சாட்சி கிடைக்குமா என்று உலகெங்கும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். ரத்தத்திலோ தோலின் மேலேட்டிலோ இருந்துகொண்டு, நோய் எவ்வளவு கடுமை என்பதை எண்ணாகச் சொல்லும் பொருள் எதுவோ அதைத்தான் பயோமார்க்கர் என்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. இருப்பது போல, எக்சிமாவுக்கும் ஒன்று வேண்டும் என்பது ஆசை. ஒரு நாட்டில் மட்டும் அந்த ஆசை ஓரளவு நிறைவேறி, அன்றாட மருத்துவத்துக்கும் வந்துவிட்டது. அது ஜப்பான்.

அங்கே போவதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம்.

எக்சிமா என்றும் அடோபிக் டெர்மடைடிஸ் என்றும் மருத்துவர்கள் சீட்டில் எழுதுவதை நம் ஊர்ப் பெரியவர்கள் கரப்பான் என்பார்கள். குழந்தையின் தோலில் எது வந்தாலும் அவர்களுக்குக் கரப்பான்தான் என்பது வேறு விஷயம். கத்திரிக்காய், கருவாடு, சோளம் என்று 'கரப்பான் பண்டம்' பட்டியல் ஒன்று தயாராக இருக்கும். பிள்ளை பெற்றவள் அதில் எதையாவது தின்றிருப்பாள். பழி அவள் தலையில் விழும். உண்மையில் இது தோலின் தடுப்புச் சுவரும் உடலின் எதிர்ப்பாற்றலும் சேர்ந்து தடுமாறும் நோய். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் கன்னத்தில் தொடங்கும். தவழும் வயதில் கை கால்களின் வெளிப்புறத்துக்கு நகரும். பள்ளி போகும் வயதில் முழங்கை, முழங்கால் மடிப்புகளில் குடியேறிவிடும். பல குழந்தைகளுக்கு வளர வளரத் தணியும். சிலருக்குத் தணியாமல் ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை என்று அடுத்தடுத்த கதவைத் தட்டும்.

கண் போடும் மதிப்பெண்

கடுமையை அளக்க முதலில் வந்தவை மதிப்பெண் பட்டியல்கள். 1993-ல் ஐரோப்பியத் தோல் மருத்துவர்கள் கூடி 'ஸ்கோராட்' என்று ஒன்றை வகுத்தார்கள். உடம்பில் எத்தனை சதவீத இடத்தில் பரவியிருக்கிறது என்பது ஒரு பங்கு. சிவப்பு, வீக்கம், நீர் வடிதல், சொறிந்த காயம், தோல் தடித்தல், வறட்சி ஆகிய ஆறுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். கடைசி மூன்று நாட்களின் அரிப்புக்கும் தூக்கக் கேட்டுக்கும் தலா பத்து. எல்லாம் கூட்டிக் கழித்தால் உச்சம் 103. ஏன் சுளையாக நூறு இல்லை என்று கேட்காதீர்கள், கமிட்டி போட்டுச் செய்த எதுவும் சுளையாக வராது. 25-க்குக் கீழே என்றால் லேசு, 50-க்கு மேலே என்றால் கடுமை. 2001-ல் 'ஈசி' என்று இன்னொன்று வந்தது. அதன் உச்சம் 72. இன்று புது மருந்துகளின் சோதனைகளில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறார்கள்.

இவை பயனுள்ள கருவிகள்தாம். நம் ஊர் அம்மாக்களுக்குப் பிடித்த ஒரு விடையைக்கூட இவை தந்திருக்கின்றன. மணிலாவில் எக்சிமா உள்ள 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். சிலருக்குக் காய்ச்சாத தேங்காய்ப் பாலிலிருந்து எடுத்த சுத்தமான தேங்காய் எண்ணெய், மற்றவர்களுக்குக் கனிம எண்ணெய். 2014-ல் வெளியான முடிவில் ஸ்கோராட் மதிப்பெண் தேங்காய் எண்ணெய்க் குழுவில் சராசரியாக 68 சதவீதம் குறைந்திருந்தது, மற்றதில் 38 சதவீதம். பாட்டி சொன்னால் நம்பாதவர்கள் ஸ்கோராட் சொன்னால் நம்புவார்கள். ஆனால் அங்கே சேர்க்கப்பட்டவை லேசான, நடுத்தர எக்சிமாக்கள். கடுமையான கரப்பானுக்கு எண்ணெயை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

மதிப்பெண் பட்டியலின் சிக்கல் எங்கே என்றால், அதைப் போடுவது கண். ஒரே குழந்தையை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் இரண்டு மதிப்பெண் வரும். இதையாவது பயிற்சியால் சரிசெய்யலாம். நிறத்தை என்ன செய்வது?

பட்டியலில் முதலிடம் சிவப்புக்கு. வெள்ளைத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் அழற்சி சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த பழுப்பாக, சாம்பல் பூத்ததாக, சில சமயம் வெறும் கருமையாகத் தெரியும். மயிர்க்கால்களைச் சுற்றிச் சொரசொரவென்று பொடிக் கொப்புளங்களாகவும் வரும். இதைப் பார்த்து "லேசுதான்" என்று எழுதிவிடுவது எளிது. லண்டனில் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் கணக்காகவே காட்டியது. சிவப்பினால் வரும் குழப்பத்தைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, கறுப்பினக் குழந்தைகளுக்குக் கடுமையான எக்சிமா இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதுவரை அந்தக் கடுமை மதிப்பெண்ணில் ஏறாமலே ஒளிந்திருந்தது. நம் பிள்ளைகளின் நிறத்துக்கும் இது அப்படியே பொருந்தும். பாடப்புத்தகப் படங்களில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைத் தோல். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மாநிறக் குழந்தையைப் பார்த்தால் கண் ஏமாறத்தான் செய்யும்.

ரத்தத்துக்கு நிற பேதம் கிடையாது. பயோமார்க்கர் நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

ஒரு புரதத்தின் கதை

1996-ல் ஜப்பானில் ஷியோனோகி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் தோஷியோ இமாய், ஒசாமு யோஷியே ஆகியோரின் குழு ஒரு புதிய புரதத்தைக் கண்டறிந்தது. தைமஸ் சுரப்பியில் மிகுதியாக இருந்ததால் அந்தச் சுரப்பியின் பெயரையும் சேர்த்து ஒரு நீளமான பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கம் 'டார்க்'. இருட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சி.சி.எல்.17 என்றும் சொல்வார்கள்.

டார்க்கின் வேலை ஆள் கூப்பிடுவது. தோலில் எங்கோ தடுப்புச் சுவர் பெயர்ந்து, வெளியிலிருந்து தூசும் கிருமியும் உள்ளே வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள செல்கள் டார்க்கைச் சுரக்கும். ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் டி.எச்.2 என்ற வகை வெள்ளணுக்கள் அதைப் பிடித்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேரும். வந்தவை சும்மா இருக்காது. இன்டர்லூகின்-4, 13, 31 என்று பல ரசாயனங்களைக் கொட்டும். 31 நரம்பைத் தூண்டி அரிக்க வைக்கிறது. 4-ம் 13-ம் தோலின் சுவரைக் கட்டும் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கின்றன. அரித்தால் சொறிவோம், சொறிந்தால் சுவர் இன்னும் பெயரும், பெயர்ந்தால் டார்க் இன்னும் சுரக்கும். இந்தச் சுற்று எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு டார்க் ரத்தத்தில் கலக்கும். எனவே அதை அளந்தால் சுற்றின் வேகத்தை அறியலாம். 2001-ல் டோக்கியோ பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் இதைச் செய்து காட்டினார்கள். எக்சிமா கூடும்போது டார்க் ஏறியது, சிகிச்சையில் தணிந்தபோது இறங்கியது.

2008-ல் ஜப்பானின் தேசியக் காப்பீடு இந்தப் பரிசோதனைக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. மாதம் ஒரு முறை. அன்றிலிருந்து அங்கே குழந்தை மருத்துவர்கள் சாதாரணமாக எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. எல்லா வயதுக்கும் ஒரே அளவு இல்லை. பெரியவர்களுக்கு ஒரு மில்லி லிட்டரில் 450 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 743. ஒன்று முதல் இரண்டு வயது வரை 998. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 1,367. சிறு குழந்தைகளின் ரத்தத்தில் டார்க் இயல்பாகவே அதிகம் என்பதால் இந்தப் படிக்கட்டு. பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

ஆனால் எண்கள் அல்ல, அவற்றை ஜப்பானியர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. நோய் உச்சத்தில் இருக்கும் குழந்தையைப் பார்த்துக் 'கடுமை' என்று சொல்ல டார்க் தேவையில்லை. அதைத் தெருவில் போகிறவர்கூடச் சொல்லிவிடுவார். களிம்பு போட்டு ஒரு வாரத்தில் தோல் பளபளப்பாகிவிடுகிறதே, அதற்குப் பிறகுதான் டார்க்குக்கு வேலை. அம்மா நிம்மதியாகிறாள். ஸ்டீராய்டு களிம்பை உடனே நிறுத்தத் துடிக்கிறாள். மருத்துவர் ரத்த முடிவைக் காட்டுகிறார். ஆயிரக்கணக்கில் இருந்தது குறைந்திருக்கிறது, ஆனால் இயல்புக்கு இன்னும் மேலேதான் நிற்கிறது. மேலே சாம்பல் மூடியிருக்கிறது, உள்ளே கனல் அணையவில்லை. நம் மொழியில் நீறு பூத்த நெருப்பு என்போமே, அதைச் சீட்டில் அச்சடித்துத் தருகிறது டார்க்.

இந்த நிலையில் களிம்பைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டே வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. அதனால் இயல்பு அளவுக்கு வரும்வரை தினமும் தடவி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதன் பிறகு வாரம் இரண்டு நாள் என்று மெல்ல இறக்குகிறார்கள். தோல் நன்றாக இருக்கும்போதே பழைய இடங்களில் வாரம் இரு முறை தடவி வைக்கும் இந்த முறையை 'முந்திக்கொள்ளும் சிகிச்சை' எனலாம். இதற்கு உலகெங்கும் இப்போது ஏற்பு உண்டு. எப்போது அடுத்த படிக்கு இறங்கலாம் என்று தீர்மானிக்க ஜப்பானியர்களுக்கு டார்க் கைகொடுக்கிறது.

ஏன் ஜப்பானில் மட்டும் இது வேரூன்றியது? அதற்கும் காரணம் உண்டு. 1990-களில் அங்கே ஸ்டீராய்டு களிம்புகளுக்கு எதிராகத் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் ஒரு பீதி கிளம்பியது. பெற்றோர் களிம்பைத் தூக்கி எறிந்தார்கள். வெந்நீர் ஊற்று, விசேஷத் தண்ணீர், மூலிகைச் சாறு என்று விற்கிற கூட்டம் பெருகியது. 'அடோபி வணிகம்' என்று அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. அந்தச் சூட்டில் வெந்த மருத்துவர்களுக்கு, "என் வார்த்தையை நம்ப வேண்டாம், இந்த எண்ணைப் பாருங்கள்" என்று சொல்ல ஒரு காகிதம் தேவைப்பட்டது. டார்க் அந்தக் காகிதம்.

நம் ஊரிலும் ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறும் தாய்மார்கள் உண்டு. மருத்துவர் எழுதித் தந்த களிம்பைக் கடுகளவு தொட்டு, தடவியதும் தடவாததுமாக விட்டுவிடுவார்கள். பெரியவர் ஆள்காட்டி விரலின் முதல் ரேகை வரை பிதுக்கும் களிம்பு சுமார் அரை கிராம். அது விரல்களும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு என்பது கணக்கு. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் மருந்துக் கடையில் "சொறிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு, படைக்கும் பூஞ்சைக்கும் கிருமிக்கும் சேர்த்து ஒரே டியூபில் அடைத்த கடும் ஸ்டீராய்டை, அதில் ஸ்டீராய்டு இருப்பதே தெரியாமல் மாதக்கணக்கில் குழந்தை முகத்தில் பூசுவார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது இதனால்தான். பயந்து குறைப்பவர்களுக்கும் தெரியாமல் கூட்டுபவர்களுக்கும் நடுவில் அளவு என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

ஐஜிஇ பார்த்தால் போதாதா?

நம் ஊர் ஆய்வகங்களில் குழந்தைக்கு அரிப்பு என்று போனால் வழக்கமாக எடுப்பது ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தின் அளவு. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கிமிஷிகே, தெருகோ இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே வந்தடைந்த கண்டுபிடிப்பு அது. ஒவ்வாமை மருத்துவத்தின் அடித்தளமே அதுதான். ஆனால் எக்சிமாவின் இன்றைய கடுமையை அது சரியாகச் சொல்வதில்லை. உடல் எதற்கெல்லாம் முன்கூட்டியே பகை வளர்த்து வைத்திருக்கிறது என்பதன் நீண்டகாலக் கணக்கு அது. தோல் நன்றாக ஆறிய பிறகும் உயர்ந்தே நிற்கும். கடுமையான எக்சிமா உள்ள சில குழந்தைகளுக்கு இயல்பாகவும் இருக்கும். வயிற்றில் புழு இருந்தால் அதற்காகவும் ஏறும். ஐஜிஇ இரண்டாயிரம் என்று பார்த்துவிட்டு, பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தி, பிள்ளையை எலும்பும் தோலுமாக்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண் அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை.

ஈசினோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கையும் புழுவுக்கு ஏறும். எல்.டி.எச். என்ற நொதி, செல் சிதையும் இடமெல்லாம் வெளிவரும். கைக்குழந்தையிடம் குத்திக் குத்தி ரத்தம் எடுக்கும்போது ஊசிக்குழலிலேயே சிவப்பணு உடைந்தாலும் அது கூடிவிடும். இதை வைத்து யாரைக் குறை சொல்வது?

2015-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரக் குழு ஒன்று, அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தது. 108 ஆய்வுக் கட்டுரைகள், 115 பயோமார்க்கர்கள். அவ்வளவிலும் முதலிடத்தில் நின்றது டார்க். ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்த்தபோது நோயின் ஏற்ற இறக்கத்தோடு அதற்கிருந்த ஒட்டுறவு 0.60. இதைக் கேட்டு உடனே கைதட்ட வேண்டாம். முழுப் பொருத்தம் என்றால் 1. 0.60 என்றால் நோயின் ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் அது விளக்குகிறது என்று அர்த்தம். வகுப்பில் முதல் மாணவன்தான், ஆனால் எடுத்தது நூற்றுக்கு நூறு அல்ல. அதனால்தான் அந்தக் குழுவே பிறகு டார்க்கோடு வேறு சில பொருட்களையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகக் கணக்கிடும் முயற்சியில் இறங்கியது.

குழந்தைகளுக்கென்று இன்னொன்று

டார்க்கின் வயதுப் படிக்கட்டைப் பார்த்தோம். பதினொரு மாதத்தில் 1,300 இயல்பு, பதின்மூன்று மாதத்தில் அதே 1,300 அதிகம் என்றால் கொஞ்சம் சங்கடம்தானே. இந்த இடத்தில் வருகிறது எஸ்.சி.சி.ஏ.2. பெயரில் ஒரு வகைப் புற்றுநோயின் வாடை அடிக்கும், முதலில் அங்கே கண்டுபிடித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சாகா பல்கலைக்கழகத்தின் கெஞ்சி இசுஹாரா, இன்டர்லூகின்-4-ம் 13-ம் தோல் செல்களைத் தொடும்போது அவை இந்தப் புரதத்தைப் பெருமளவில் உண்டாக்குகின்றன என்று காட்டினார். டார்க் ஆள் கூப்பிடும் குரல் என்றால் இது அடிபட்ட தோலின் குரல். குழந்தைகளின் வயதுக்கேற்ப இதன் அளவு அதிகம் மாறுவதில்லை என்பது பெரிய வசதி. ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 நானோகிராம் என்ற ஒரே கோடு போதும். 15 வயது வரையிலான குழந்தைகளின் எக்சிமாவுக்கு 2021-ல் ஜப்பான் இதற்கும் காப்பீடு தந்தது.

இருந்தாலும் ஊசி ஊசிதான். சொறிந்து புண்ணான கையில் நரம்பு தேடுவதன் வேதனை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் இப்போது ஆய்வுலகின் கண் ஒட்டுப்பட்டையின் மேல் இருக்கிறது.

நாணய அளவு ஒட்டுத் துண்டைத் தோலில் அழுத்தி எடுத்தால் மேலேட்டின் ஒரு மெல்லிய படலம் அதோடு வரும். அதே இடத்தில் அடுத்தடுத்து ஒட்டி எடுக்க எடுக்க ஆழமான அடுக்குகள் கிடைக்கும். ரத்தமில்லை, தையலில்லை, தழும்பில்லை. அமெரிக்காவில் எம்மா குட்மன்-யாஸ்கியும் ஏமி பாலரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இப்படி எடுத்த படலங்களில், முன்பெல்லாம் தோலை வெட்டி எடுத்தால்தான் தெரியும் என்றிருந்த அழற்சி மாற்றங்களையும் சுவரின் கோளாறுகளையும் 2019-ல் படித்துக் காட்டினார்கள். நோயில்லாதது போலத் தெரிந்த பகுதித் தோலிலும் அந்த மாற்றங்கள் இருந்தன. நீறு பூத்த நெருப்பு இங்கேயும்தான்.

அந்தப் படலத்தில் தேடப்படும் இன்னொரு பொருள், தோலின் இயற்கை ஈரப்பசை. ஃபிலாக்ரின் என்ற புரதம் சிதைந்து உண்டாவது அது. 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மக்லீனும் டப்ளினில் ஆலன் இர்வைனும் இணைந்து, ஃபிலாக்ரின் மரபணுவின் பழுதுதான் பலரின் எக்சிமாவுக்கு வித்து என்று கண்டறிந்தார்கள். எதிர்ப்பாற்றல் கோளாறு என்று மட்டும் நினைத்திருந்த நோயை, சுவரில் செங்கல் குறைந்த நோயாகவும் பார்க்க வைத்தது அந்தக் கண்டுபிடிப்பு. அயர்லாந்தின் கார்க் நகரில், பிறந்து இரண்டே நாளான சிசுக்களின் தோல் வழியாக எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று ஒரு சிறு கருவியால் அளந்தார்கள். அன்று அதிகம் கசிந்த குழந்தைகளுக்கே ஒரு வயதில் எக்சிமா அதிகம் வந்தது என்று 2015-ல் தெரியவந்தது. டென்மார்க்கில் இரண்டு மாதக் குழந்தைகளின் தோலில் ஒட்டி எடுத்த படலத்தில் டார்க் கூடுதலாக இருந்தால் பின்னால் எக்சிமா வரும் வாய்ப்பும் கூடுகிறது என்கிறார்கள். இவை கடுமையை அளக்கும் குறியீடுகள் அல்ல, வரப்போவதைச் சொல்பவை. ஆய்வகத்தைத் தாண்டி இன்னும் வரவில்லை.

சீக்கிரம் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஜப்பானில் 7 முதல் 13 வாரக் கைக்குழந்தைகள் 650 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு எக்சிமா தெரிந்த இடத்தில் மட்டும் களிம்பு, மீதிப் பேருக்கு நோய் தெரியாத இடங்களிலும் சேர்த்துத் தீவிர சிகிச்சை. 28 வார வயதில் முட்டை ஒவ்வாமை முதல் குழுவில் 41.9 சதவீதம், இரண்டாம் குழுவில் 31.4 சதவீதம். தோலின் கனலைச் சீக்கிரம் அணைத்தால் சாப்பாட்டு ஒவ்வாமையும் குறைகிறது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. தீவிர சிகிச்சை பெற்ற குழந்தைகள் எடையில் 422 கிராமும் உயரத்தில் 0.8 சென்டிமீட்டரும் பின்தங்கியிருந்தார்கள். 2023-ல் முடிவை வெளியிட்டவர்களே, இதை அப்படியே பின்பற்றாதீர்கள் என்றும் எழுதினார்கள். எல்லோருக்கும் அள்ளிப் பூசாமல் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும், தேவையான நாள் மட்டும் தர வேண்டுமானால் நம்பகமான ஓர் அளவுகோல் வேண்டும். பயோமார்க்கர் தேடலின் அவசரம் இங்கே இருக்கிறது.

எண்ணை வணங்க வேண்டாம்

டார்க் எக்சிமாவுக்கு மட்டும் ஏறுவதில்லை. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுநோயிலும், சில வகை மருந்து ஒவ்வாமைகளிலும் மிகவும் உயரும். ரத்தத் தட்டணுக்களிலும் டார்க் இருக்கிறது. ரத்தம் உறையும்போது அவை அதைக் கொட்டிவிடும். எனவே உறைய வைத்து எடுத்த சீரத்தில் ஓர் எண்ணும் உறையாமல் எடுத்த பிளாஸ்மாவில் வேறு எண்ணும் வரும். எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்று தெரியாமல் இரண்டு சீட்டுகளை ஒப்பிடுவது வீண். டுபிலுமாப் என்ற ஊசி மருந்து 2017-ல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கும் 2022-ல் ஆறு மாதக் குழந்தை வரைக்கும் அனுமதி பெற்றது. அது அடைப்பதே இன்டர்லூகின்-4, 13 வழியைத்தான் என்பதால், அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு டார்க் மளமளவென்று சரியும். தோல் அந்த வேகத்தில் ஆறியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. எந்தக் குறியீடும் குழந்தை எத்தனை மணிக்கு எழுந்து அழுதது என்று சொல்லாது. எக்சிமா ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று ஒருமித்து முடிவெடுக்கக் கூடிய 'ஹோம்' என்ற சர்வதேச அமைப்பு, கண்ணுக்குத் தெரியும் குறிகளுக்கு ஈசியையும், வீட்டில் படும் பாட்டுக்கு 'போயம்' என்ற கேள்வித்தாளையும் பரிந்துரைத்திருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2004-ல் உருவானது போயம். அதில் மருத்துவருக்கு வேலையே இல்லை. அதை நிரப்ப வேண்டியது அம்மாவோ அப்பாவோதான். கட்டுரையின் தொடக்கத்தில் ஒருத்தி "ராத்திரி பூரா" என்றாளே, அவளுடைய சாட்சியத்தை எண்ணாக மாற்றும் கருவி இது. என்னைக் கேட்டால், ரத்தக் குறியீடு வேரூன்றாத நம் ஊருக்கு இன்றைக்கு உடனே உதவக்கூடியது டார்க் அல்ல, போயம்தான்.

ஆகவே மருந்துக் கடைக்காரரிடமோ ஆய்வகத்திலோ போய் "டார்க் எடுத்துக் குடுங்க" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். வீட்டில் கிடக்கும் ஒரு நோட்டை எடுத்து ஏழு வரி போடுங்கள். கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் வந்தது, எத்தனை நாள் நீர் வடிந்தது, எத்தனை நாள் வெடித்தது, எத்தனை நாள் செதில் உதிர்ந்தது, எத்தனை நாள் வறண்டு சொரசொரப்பாக இருந்தது. ஒரு நாளும் இல்லை என்றால் 0. ஒன்றிரண்டு நாள் என்றால் 1, மூன்று நான்கு நாளுக்கு 2, ஐந்து ஆறு நாளுக்கு 3, தினமும் என்றால் 4. கூட்டிப் பாருங்கள். உச்சம் 28. ஏழு வரை லேசு, 16 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. தோல் மோசமாக இருக்கும் நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவர் "பரவாயில்லையேம்மா" என்று சொன்னால், நோட்டைத் திறந்து அவர் மேசையில் வையுங்கள்.